தெருமுனைக் கூட்டத்துக்கும் லைசென்ஸா? 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தை என்ன செய்வது?

மணிக்கூண்டு (இழையைத் தொடங்கியவர்) | செவ்வாய், இரவு 9.40

நான்கு நாள் அலைந்த எரிச்சலில் எழுதுகிறேன். நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பேரூராட்சியில் வாரச்சந்தைச் சுங்கம் திடீரென்று ஏறிவிட்டது. சாக்கு விரித்து முருங்கைக்காய் விற்கிற அம்மாவுக்கும் மினி லாரியில் வெங்காயம் இறக்குகிறவருக்கும் ஒரே ரேட். இதைப் பற்றி ஒரு தெருமுனைக் கூட்டம் போடலாம் என்று ஏழெட்டுப் பேர் முடிவு செய்தோம். கட்சி எதுவும் கிடையாது. மணிக்கூண்டு ஓரம், ஞாயிறு மாலை 6 முதல் 8 வரை, ஒரு மேசை, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு பாக்ஸ். அவ்வளவுதான்.

மனுவை எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போனேன். ரைட்டர் மரியாதையாகத்தான் பேசினார். பேசப் போகிறவர்கள் யார் யார், தகப்பனார் பெயர், செல் நம்பர், ஆதார் நகல், என்ன தலைப்பு, யாரைத் தாக்கிப் பேசுவார்கள், முன்னால் கேஸ் ஏதாவது உண்டா என்று வரிசையாகக் கேட்டு, ஒரு வெள்ளைத்தாளில் எழுதச் சொன்னார். எழுதினேன். மனுவை வாங்கிக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து கேட்டேன். "மேல போயிட்டு வரட்டும் சார், அப்புறம் பாக்கலாம்." மறுநாள் போனால், "30 ரெண்டு போட்டிருக்கு, இப்ப கூட்டமெல்லாம் முடியாது." சரி, முடியாது என்பதையாவது எழுத்தில் கொடுங்கள் என்றேன். அதுவும் இல்லை. மூன்றாம் நாள் எஸ்.ஐ. பந்தோபஸ்துக்குப் போய்விட்டார். இன்று நான்காம் நாள். மனு யார் மேசையில் கிடக்கிறது என்றே தெரியவில்லை.

அந்த 30(2) என்னதான் சொல்கிறது என்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். 1861-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டம். 1857 கலகம் அடங்கி நான்கு வருடத்தில் வந்தது. லைசென்ஸ் சமாச்சாரம் 1895 திருத்தத்தில் உள்ளே வந்திருக்கிறது. கட்டுப்பாடில்லாமல் விட்டால் அமைதி குலையும் என்று மாஜிஸ்திரேட் நினைக்கிற கூட்டத்துக்கு மட்டும், லைசென்ஸ் கேட்டு மனுப் போடச் சொல்லி அறிவிப்பு கொடுக்கலாம். லைசென்ஸில் யார் பெயருக்கு, என்ன நிபந்தனை என்று இருக்க வேண்டும். இதற்குக் கட்டணம் எதுவும் வாங்கக் கூடாது என்று தனியாக ஒரு வரி. மீறினால் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய்.

தடை விதிக்கலாம் என்று அந்தப் பிரிவில் எங்கேயும் இல்லை. எல்லாருக்கும் எந்நாளும் என்றும் இல்லை. ஆனால் பேப்பரைத் திறந்தால் ஏதாவது ஒரு மாவட்டத்தில் "பிரிவு 30(2) அமல்" என்ற செய்தி இருக்கிறது. ஒன்று முடிந்தால் அடுத்தது.

வெள்ளைக்காரன் போட்ட நாடகச் சட்டத்தைத் தூக்கிப் போட்டோம். இதை மட்டும் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறோம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பி.கு.: இத்தனை கேள்வி கேட்டார்களே, எத்தனை பேர் வருவார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

சும்மா_வாசகன் | செவ்வாய், இரவு 9.58

வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ போட்டால் முடிந்தது. எதற்கு இவ்வளவு பாடு?

மணிக்கூண்டு | செவ்வாய், இரவு 10.03

முருங்கைக்காய் விற்கிற அம்மாவிடம் பட்டன் போன்தான் இருக்கிறது.

கறுப்பு_அங்கி | செவ்வாய், இரவு 11.20

மதுரைக் கிளையில் இந்த மாதிரி மனுக்களை வாராவாரம் பார்க்கிறேன். திருவிழா ஆடல் பாடலில் தொடங்கி உண்ணாவிரதம் வரைக்கும் எல்லாவற்றுக்கும் ரிட். உயர் நீதிமன்றம் கூட்டத்துக்குத் தேதி கொடுக்கிற அலுவலகமாகவே ஆகிவிட்டது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மூன்று வேறு சட்டங்களை நாம் ஒன்றாகப் போட்டுப் பேசுகிறோம். மாவட்டங்களில் இந்த 30(2). சென்னையில் 1888-ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டத்தின் பிரிவு 41. அதில் கமிஷனர் தடை உத்தரவே போடலாம், ஆனால் அரசு அனுமதி இல்லாமல் 15 நாளுக்கு மேல் அது நீடிக்கக் கூடாது. அதனால் என்ன ஆயிற்று? 15 நாள் முடிந்ததும் இன்னொரு 15 நாள். 2020 பிப்ரவரியில் குடியுரிமைச் சட்டப் போராட்டம் நடந்தபோது இந்த உத்தரவைச் சென்னைக்காரர்கள் பார்த்திருப்பார்கள். மூன்றாவது, ஊரறிந்த 144. அது 2024 ஜூலை 1 முதல் 144 இல்லை, புதிய சட்டத்தில் பிரிவு 163. எண்தான் மாறியது, வாசகம் கிட்டத்தட்ட அதேதான். டீக்கடையில் இன்னும் "144 போட்டாச்சு"தான்.

காலனியச் சட்டத்தை ஒழித்துவிட்டோம் என்று விழா எடுத்தார்களே, ஒரு கணக்குப் பாருங்கள். அரசு ஊழியரின் உத்தரவை மீறினால் பழைய தண்டனைச் சட்டத்தின் 188-இன்படி ஒரு மாதம் அல்லது 200 ரூபாய். கலவரம், உயிராபத்து என்று போனால்தான் ஆறு மாதம். புதிய தண்டனைச் சட்டத்தின் 223-இல் ஆறு மாதம் அல்லது 2,500 ரூபாயில் தொடங்கி ஒரு வருடம், 5,000 வரை போகிறது. வெள்ளைக்காரன் வைத்த தண்டனை நமக்குப் போதவில்லை.

நாடகச் சட்டம் நல்ல உதாரணம். கல்கத்தாவில் வேல்ஸ் இளவரசர் வருகையைக் கிண்டலடித்து ஒரு நாடகம் போட்டார்கள். அந்தக் கோபத்தில் 1876-இல் வந்த சட்டம் அது. நாம் என்ன செய்தோம்? சுதந்திரம் வந்த பிறகு, 1954-இல், தமிழ்நாட்டுக்கென்று தனியாக ஒன்று போட்டோம். எம்.ஆர்.ராதாவுக்காகவே போட்ட சட்டம் என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்வார்கள். அதன் முக்கியப் பிரிவுகளை, நாடகக்காரர் ஞாநி தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல்தான் ரத்து செய்தது. 1876-ஆம் ஆண்டு மூலச் சட்டம் 2018 தொடக்கத்தில் போயிற்று. ஆக, சட்டம் தானாகச் செத்துப் போகாது. யாராவது கோர்ட்டுக்குப் போக வேண்டும், இல்லை சட்டமன்றத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு இரண்டு தீர்ப்பு. ஒன்று ஹிமத்லால் ஷா வழக்கு. 1969-இல் அகமதாபாத் லால் தர்வாசாவில் மாணவர் கூட்டம் போட அனுமதி கேட்டு மறுக்கப்பட்டவர். 1972-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது: பொதுச்சாலையில் கூட்டம் கூடுவதை அரசு ஒழுங்குபடுத்தலாம், ஆனால் எப்போது மறுக்கலாம் என்று எந்த வரையறையும் இல்லாமல் அதிகாரியின் இஷ்டத்துக்கு விட முடியாது. அப்படி இஷ்டத்துக்கு விட்டிருந்த காவல் விதியையே தூக்கிவிட்டார்கள். இரண்டாவது நம்மூர்த் தீர்ப்பு, 2018, ஜீவானந்தம் வழக்கு. 188-க்குப் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உத்தரவு போட்ட அதிகாரிதான் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30(2) ஒழுங்கு செய்யத்தான், அடியோடு தடுக்க அல்ல. மனுவில் இவற்றைக் குறிப்பிடுங்கள். நேரில் கொடுக்காதீர்கள், விரைவுத் தபாலில், பதிவும் சேர்த்ததற்கான சான்றும் கேட்டு அனுப்புங்கள்.

மணிக்கூண்டு | புதன், காலை 6.15

ரொம்ப நன்றி வக்கீல் சார். தபால் இன்றைக்கே போகிறது.

கறுப்பு_அங்கி | புதன், காலை 6.50

சார் இல்லை, மேடம். :)

பழைய_ஏட்டு | புதன், காலை 8.30

31 வருடம் சர்வீஸ் முடித்து வீட்டில் இருக்கிறேன். எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

ரைட்டர் ஏன் ரசீது தரவில்லை தெரியுமா? தந்தால் அது அவர் தலையில். ஒரு கூட்டத்துக்கு அனுமதி கொடுத்து, அங்கே கல்வீச்சு நடந்துவிட்டது என்று வையுங்கள். முதல் கேள்வி, "எவன்யா பர்மிஷன் குடுத்தது?" மெமோ, சார்ஜ், ஆயுதப்படைக்கு மாற்றல். அனுமதி கொடுக்காமல் விட்டதற்காக சஸ்பெண்ட் ஆன ஒரு எஸ்.ஐ.யை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. அப்படி இருக்கும்போது எந்த மனுஷன் கையெழுத்துப் போடுவான்? 1861-உம் தெரியாது, 1895-உம் தெரியாது, அவனுக்குத் தெரிந்தது அடுத்த மாத இன்கிரிமெண்ட்.

இன்னொன்று. நீங்கள் ஏழு பேர் சந்தை வரி பேசப் போகிறீர்கள். அடுத்த வாரம் அதே மணிக்கூண்டில் ஒரு சாதிக்காரன் கேட்பான், அதற்கு அடுத்த வாரம் அவனுக்கு எதிர்ச்சாதிக்காரன் கேட்பான். உங்களுக்குக் கொடுத்த பேப்பரை அவன் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். பிள்ளையார் ஊர்வலத்துக்கு ரூட் போட்டு, எந்தத் தெருமுனையில் மேளத்தை நிறுத்துவது, எங்கே மறுபடி அடிப்பது என்று இரண்டு தரப்பையும் உட்கார வைத்து விடிய விடியப் பேசியிருக்கிறேன். அன்றைக்கு எனக்குக் கையில் ஏதாவது ஒரு சட்டம் வேண்டும் ஐயா.

நெசவாளி | புதன், காலை 9.12

ஏட்டய்யா, உங்கள் கஷ்டம் புரிகிறது. என் கதையைச் சொல்கிறேன்.

கல்லூரி இரண்டாம் வருடம். நூல் விலை ஏற்றத்துக்காகத் தறிக்காரர்கள் நடத்திய ஆர்ப்பாட்டத்தில் அப்பாவோடு போய் நின்றேன். பஸ்ஸில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் விட்டார்கள். மத்தியானம் தக்காளி சாதம், ஆளுக்கொரு தண்ணீர் பாக்கெட். சாயங்காலம் பெயர், முகவரி எழுதிக்கொண்டு, "போயிட்டு வாங்க தம்பி" என்று அனுப்பினார்கள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மூன்று வருடம் கழித்து வேலைக்காக பாஸ்போர்ட் விண்ணப்பித்தால், என் மேல் 143, 188, 341 பிரிவுகளில் வழக்கு: சட்டவிரோதமாகக் கூடியது, உத்தரவை மீறியது, வழிமறித்தது. சம்மனே வந்ததில்லை. போலீஸ் சரிபார்ப்பு அறிக்கை பாதகமாகப் போய், கிடைத்த வேலையும் போயிற்று. வழக்கை ரத்து செய்ய வக்கீலுக்குச் செலவானது என் அப்பாவின் நான்கு மாதக் கூலி.

அபராதம் 200 ரூபாய் என்று படித்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. அந்த 200 ரூபாய்க்குப் பின்னால் வருவதை யாரும் சட்டத்தில் எழுதவில்லை.

பழைய_ஏட்டு | புதன், காலை 9.40

மண்டபத்துக்கு வாடகையும் சாப்பாட்டுக் காசும் நாங்கள் எங்கே புரட்டுவோம் என்று யாரும் கேட்பதில்லை தம்பி. ஆனால் பாஸ்போர்ட் விஷயம் தப்புதான். மறுப்பு இல்லை.

ஒலிஒளி | புதன், பகல் 1.05

மைக் செட் தொழில், இருபது வருடம். கூட்டம் கலைந்தால் பேசினவர் வீட்டுக்குப் போவார், என் ஆம்ப்ளிஃபயர் ஸ்டேஷனுக்குப் போகும். கேஸ் சொத்து என்று எழுதிவிட்டால் திரும்ப வர ஆறு மாதமோ ஒரு வருடமோ. ஒரு தடவை எடுத்து வந்து திறந்து பார்த்தால் உள்ளே குளவி கூடு கட்டியிருந்தது. அதிலிருந்து பர்மிஷன் ஜெராக்ஸ் கையில் வராமல் வண்டியில் ஒரு ஒயரைக்கூட ஏற்ற மாட்டேன். மணிக்கூண்டு அண்ணே, உங்கள் ஊர் செட்டுக்காரரும் இதைத்தான் சொல்வார், பாருங்கள்.

ஒலிபெருக்கிக்குத் தனி எழுத்து அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. இது வெள்ளைக்காரன் சட்டம் இல்லை, 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. இதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. தூங்குகிறவன் தூங்க வேண்டாமா?

மணிக்கூண்டு | புதன், பகல் 1.30

அச்சு அசலாக அதையேதான் சொன்னார். "பேப்பர் வாங்கிட்டு வாங்க, பாக்ஸ் ரெடி."

கரூர்க்காரி | புதன், மாலை 5.45

நீங்கள் எல்லாரும் அனுமதி கொடுக்கவில்லை என்று பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் அனுமதி கொடுத்து நடந்த கூட்டத்தில் 41 பேர் போனார்கள்.

2025 செப்டம்பர் 27, விஜய் கட்சியின் பிரசாரக் கூட்டம். அது நடந்த வேலுச்சாமிபுரம் வழியாகத்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன். யார் தப்பு என்பதை இங்கே பேச வரவில்லை, அதற்கு சி.பி.ஐ. இருக்கிறது, மேற்பார்வைக்கு உச்ச நீதிமன்றம் போட்ட குழு இருக்கிறது. 10,000 பேர் வருவார்கள் என்று மனுவில் இருந்ததாகவும், வந்தது 27,000 என்றும் அப்போது காவல்துறை சொன்னது. மத்தியானத்திலிருந்து வெயிலில் நின்றவர்கள், ராத்திரி ஏழரை மணிக்கு மேல் விஜய் வண்டி வந்ததும் முன்னால் நெருக்கினார்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மணிக்கூண்டு தம்பி கடைசியில் போகிற போக்கில் ஒரு பி.கு. எழுதினீர்களே, எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்கவில்லை என்று. இந்த இழையிலேயே முக்கியமான வரி அதுதான் என்று எனக்குப் படுகிறது. ஆதார் வாங்குகிறார்கள், அப்பா பெயர் வாங்குகிறார்கள். தண்ணீர் எங்கே, ஆம்புலன்ஸ் எந்தச் சந்தில் வரும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வெளியே போக நினைத்தால் எந்தப் பக்கம் வழி, சாக்கடை மூடியிருக்கிறதா, கரண்ட் போனால் என்ன. இதில் ஒன்றாவது அந்தப் பழைய சட்டத்தில் இருக்கிறதா மேடம்?

கறுப்பு_அங்கி | புதன், இரவு 8.10

இல்லை அக்கா. ஒன்றுகூட இல்லை. இன்றைக்கு முழுக்க இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சட்டத்தை எழுதினவனுக்குக் கூட்டம் என்றால் ஆபத்து, ஆனால் அது அரசாங்கத்துக்கு வரும் ஆபத்து. கூட்டத்தில் நிற்கிறவனுக்கு ஒன்று ஆகிவிடுமே என்ற கவலை அவனுக்கு இல்லை. அதனால் அவன் கேட்ட கேள்வி: நீ யார், என்ன பேசப் போகிறாய், எந்த வழியாகப் போவாய். 1908-இல் திருநெல்வேலியில் என்ன நடந்தது? வங்கத் தலைவர் பிபின் சந்திர பால் விடுதலையைக் கொண்டாட வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தடையை மீறிக் கூட்டம் போட்டார்கள். மார்ச் 12 கைது, 13-ஆம் தேதி ஊரே பற்றிக்கொண்டது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். 110 வருடம் கழித்து, 2018 மே 22, தூத்துக்குடி. முதல் நாள் இரவே 144 போட்டிருந்தார்கள். 13 பேர். இரண்டு இடத்திலும் காகிதத்தில் தடை பக்காவாக இருந்தது.

ஏட்டய்யா சொன்ன ஊர்வலப் பிரச்சினையும் உண்மைதான். அதுவும் புதிதல்ல. 1882 சேலம் கலவரம் ஒரு மசூதியும் ஊர்வல மேளமும் சம்பந்தப்பட்டது. அதிலிருந்து கிளம்பிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு வரை போயிற்று. வைணவர்களின் வடகலை, தென்கலைச் சண்டையிலும் இதே கேள்விதான் வந்தது: பொதுத்தெரு யாருடையது? அன்றைய நீதிபதிகளே சொன்ன பதில், எல்லாருடையதும், அடுத்தவனுக்குக் கெடுதல் இல்லாதவரை. வழியை, நேரத்தை ஒழுங்கு செய்யும் அதிகாரம் போலீஸிடம் இருக்கட்டும், அதை யாரும் பிடுங்கச் சொல்லவில்லை. பிடுங்க வேண்டியது, பதிலே சொல்லாமல் மனுவை அமுக்கி வைக்கும் வசதியை.

கிள்ளான்காரன் | புதன், இரவு 10.30 (மலேசியா)

வணக்கம். நாங்களும் அதே வெள்ளைக்காரன்கிட்ட வாங்கின சரக்குதான், எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன்.

2007 நவம்பர் 25. இந்து உரிமைகளுக்கான ஹிண்ட்ராப் அமைப்பின் பேரணி. 1967 போலீஸ் சட்டம் பிரிவு 27-இன்படி பெர்மிட் வேண்டும், தரவில்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கில் தமிழர்கள் கோலாலம்பூரில் கூடினோம். கண்ணீர்ப்புகை, தண்ணீர் பீரங்கி. அன்று விடியற்காலை பத்துமலையில் கேட்டைப் பூட்டிப் புகை அடித்தார்கள், என் சித்தப்பா உள்ளே மாட்டிக்கொண்டார். இன்றைக்கும் தைப்பூசத்துக்கு அந்த கேட்டைத் தாண்டும்போது அவர் ஒரு நிமிடம் நிற்பார்.

2012-இல் அமைதியாகக் கூடும் சட்டம் என்று புதிதாக ஒன்று வந்தது. பெர்மிட் போய், நோட்டீஸ் வந்தது. முதலில் பத்து நாள் முன்னால், 2019-இல் அதை ஐந்து நாளாகக் குறைத்தார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் 10,000 ரிங்கிட் வரை அபராதம் என்று ஒரு பிரிவை உள்ளே வைத்திருந்தார்கள். அந்தப் பிரிவை ஒழிக்க 2025 ஜூலை 1 வரை ஆனது, கூட்டரசு நீதிமன்றம் அரசியல் சாசனத்துக்கு முரண் என்று சொல்லிவிட்டது. ஆக, 'அனுமதி'யை அடித்துவிட்டு 'தகவல்' என்று எழுதினால் மட்டும் போதாது அண்ணே, பின்னால் என்ன தண்டனை ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

பனங்கூடல் | வியாழன், காலை 7.20 (யாழ்ப்பாணம்)

இங்கை 1865-ஆம் ஆண்டுப் பொலிஸ் கட்டளைச் சட்டம் இன்னும் கிடக்கிறது. அதன் 77-ஆம் பிரிவைப் பார்த்தால் சிரிப்பீர்கள். ஊர்வலம் போக ஆறு மணித்தியாலத்துக்கு முன்னம் கிட்டிய பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்தால் காணும். அனுமதி எண்ட சொல்லே இல்லை. வாசிக்க உங்கட சட்டத்தை விட நல்லது. நடைமுறையிலை, முதல் நாள் பின்னேரம் பொலிஸ் நீதவானிட்டைப் போய் தடை உத்தரவு ஒண்டை எடுத்துக்கொண்டு வந்து, நினைவு விளக்கேத்திற இடத்திலை நிண்டு, அதிலை உள்ள எங்கட பேரை வாசிப்பினம். அதுக்கு மேன்முறையீடு செய்ய நேரம் எங்கை? எனவே உங்கட புதுச் சட்டத்திலை தடை போடுறதுக்கும் ஒரு கெடு வையுங்கோ.

சும்மா_வாசகன் | வியாழன், காலை 8.02

லண்டனில் எப்படி? அங்கேயும் இதே கூத்தா?

கறுப்பு_அங்கி | வியாழன், காலை 8.45

1986 பொது ஒழுங்குச் சட்டப்படி ஊர்வலத்துக்கு ஆறு நாள் முன்னால் எழுத்தில் தகவல். ஒரே இடத்தில் நிற்கும் கூட்டத்துக்கு அந்த முன்தகவல்கூட வேண்டாம். நிபந்தனை போடும் அதிகாரம் போலீஸுக்கு உண்டு, 2022-க்கு அப்புறம் அதை இறுக்கியும் விட்டார்கள், அங்கேயும் சண்டை நடக்கிறது. ஆனால் அடிப்படை தகவல்தான், லைசென்ஸ் இல்லை.

பனங்கூடல் அண்ணா சொன்ன கெடு அருமையான யோசனை. என் வரைவில் சேர்த்துக்கொண்டேன். 500 பேருக்குக் குறைவான, ஒரே இடத்தில் நிற்கிற கூட்டத்துக்குத் தகவல் மட்டும். பெரிய கூட்டத்துக்கு விண்ணப்பம், 72 மணி நேரத்தில் எழுத்தில் பதில். பதில் வராவிட்டால் அனுமதித்ததாக அர்த்தம். மறுப்பதானால் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே, காரணத்தோடு, மாற்று இடமும் நேரமும் சொல்லி மறுக்க வேண்டும். 500 என்பது என் மனக்கணக்குதான், 200 என்றாலும் சண்டை போட மாட்டேன்.

பழைய_ஏட்டு | வியாழன், காலை 10.15

பதில் வராவிட்டால் அனுமதியா? எழுதிப் பாருங்கள், அப்புறம் எல்லா மனுவுக்கும் 71-ஆவது மணியில் "சட்டம் ஒழுங்கு காரணமாக நிராகரிக்கப்படுகிறது" என்று சீல் குத்தி வரும். சீல் முன்கூட்டியே செய்து வைத்துவிடுவார்கள். நான் இருந்தால் நானே செய்திருப்பேன்.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. மறுத்தாலும் கொடுத்தாலும் கையெழுத்துப் போட்டவனுக்குப் பாதுகாப்புக் கொடுங்கள். இந்த இந்த விஷயத்தைச் சரிபார்த்தேன், வழி இத்தனை அடி, இத்தனை பேர் நிற்கலாம் என்று தாளில் எழுதிவிட்டால், அப்புறம் கூட்டத்தில் எவனோ கல் எறிந்ததற்கு எஸ்.ஐ. பொறுப்பில்லை என்று சட்டத்திலேயே சொல்லுங்கள். கரூர் அம்மா கேட்ட கேள்விகளெல்லாம் அந்தத் தாளில் வரட்டும். அப்போதுதான் ஸ்டேஷனில் பேனா நகரும்.

கரூர்க்காரி | வியாழன், பகல் 12.30

ஏட்டய்யா, இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தாளைப் போலீஸ் மட்டும் நிரப்பக் கூடாது. தீயணைப்பு, மின்வாரியம், சுகாதாரம் மூன்றும் கையெழுத்துப் போடட்டும், ஒரே மேசையில். மூன்று ஆபீஸுக்கு மூன்று நாள் அலைய விட்டால் மணிக்கூண்டு தம்பி கூட்டமே வேண்டாம் என்று படுத்துவிடுவார்.

நெசவாளி | வியாழன், பகல் 2.10

கரூருக்கு அப்புறம் வைப்புத்தொகை கட்டச் சொல்லும் பேச்சு அடிபடுகிறது. சேதத்துக்கு ஈடு என்கிறார்கள். லட்சக்கணக்கில் கட்ட யாரால் முடியும்? பெரிய கட்சியால். நாற்பது நாற்காலி போடுகிற தறிக்காரனால் முடியுமா? வெள்ளைக்காரன்கூடக் கட்டணம் கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

கறுப்பு_அங்கி | வியாழன், மாலை 4.00

நெசவாளி தொட்டது சரியான இடம். 2022-இல் ஆர்.எஸ்.எஸ். ஊர்வலத்துக்குத் தமிழ்நாட்டில் அனுமதி மறுத்தார்கள். உயர் நீதிமன்றம் அனுமதித்தது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அரசின் மேல்முறையீட்டைத் தள்ளியது. அந்த அமைப்போடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தீர்ப்பு சரி என்றுதான் நினைக்கிறேன். கவனிக்க வேண்டியது, டெல்லி வரை போக அவர்களுக்குத் தெம்பு இருந்தது. மறுப்பு ஒரே மாதிரிதான் எல்லாருக்கும் வருகிறது, அதைத் தாண்டுகிற வசதிதான் ஒரே மாதிரி இல்லை.

2020-இல் அனுராதா பாசின் வழக்கில், 144 உத்தரவுகளை வெளியிட வேண்டும், திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருப்பது அதிகார துஷ்பிரயோகம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதையே 30(2)-க்கும் பொருத்தி ஒரு வழக்குப் போட முடியும். என்னோடு இரண்டு ஜூனியர்கள் தயார். ஆறு மாதத்தில் எத்தனை முறை, எந்தெந்த மாவட்டத்தில் போட்டார்கள் என்ற பட்டியல் வேண்டும். தகவல் உரிமை மனுப் போட ஆள் யாராவது?

நெசவாளி | வியாழன், மாலை 4.06

நான் போடுகிறேன் மேடம். பத்து ரூபாய் வேலைதானே.

மணிக்கூண்டு | ஞாயிறு, இரவு 10.50

நடந்தது.

தபால் வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்திருக்கிறது. சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு ரைட்டரே போன் செய்தார். போனேன். இரண்டு பக்கத்தில் அனுமதி, 18 நிபந்தனை. ஏழாவது, "கூட்டத்தில் கலந்துகொள்பவர்கள் உருட்டுக்கட்டை, பட்டாக்கத்தி, வெடிபொருள் ஆகியவை எடுத்து வரக்கூடாது." பதினொன்றாவது, "யானை, குதிரை, ஒட்டகம் ஆகியவற்றைப் பயன்படுத்தக்கூடாது." முருங்கைக்காய் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஒட்டகத்துக்கு நான் எங்க போவேன்" என்றார்.

வந்தது அறுபது பேருக்குள். கரூர் அக்கா எழுதியதைப் படித்ததால், குடிநீர்க் கேன் இரண்டு வைத்தோம்; மருந்துக்கடைப் பக்கம் உள்ள சந்தை மறிக்காமல் நாற்காலியை இந்தப் பக்கம் தள்ளிப் போட்டோம். டீக்கடை பெஞ்சில் மப்டியில் ஒருவர் உட்கார்ந்து பாக்கெட் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். அம்மா பேசி முடித்ததும் என்னிடம் வந்து, "அந்தம்மா தினம் எவ்வளவு கட்டுறாங்கன்னு சொன்னாங்க? சரியா காதுல விழல" என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார். கொஞ்ச நேரம் நின்று, "எங்க அக்காவும் சந்தையிலதான் கீரை விக்குது" என்றார்.

மேடம், அனுமதிக் கடிதத்தின் நகலைப் பெயர்களை மறைத்துவிட்டு நாளை இங்கே ஏற்றுகிறேன். வழக்குக்கு உதவுமா பாருங்கள்.

பழைய_ஏட்டு | ஞாயிறு, இரவு 11.05

ஒட்டகம் போன எலெக்‌ஷன் உத்தரவிலிருந்து காப்பி அடித்திருப்பான். அந்த பாரத்தை நானே நூறு தடவை டைப் அடித்திருக்கிறேன்.

ஒலிஒளி | ஞாயிறு, இரவு 11.20

ஆம்ப்ளிஃபயர் பத்திரமா வந்துச்சா?

மணிக்கூண்டு | ஞாயிறு, இரவு 11.22

வந்துச்சு அண்ணே. ஒரு பாக்ஸ்தான் கரகரன்னு இருந்தது, அது கூட்டத்துக்கு முன்னாலேயே அப்படித்தானாம்.